சிவக்காத துணி

மகன், உனக்கும் உன் வீட்டாருக்கும் என் ஸலாம். ஒவ்வொரு நாளும் இஷாத் தொழுகைக்குப் பிறகு நீ போன் எடுக்கிறாய். நான் சாப்பிட்டேனா என்று நீ கேட்கிறாய், மருமகள் பர்ஹானா என்ன ஆக்கினாள் என்று நான் கேட்கிறேன். அங்கே இறக்காமத்தில் மழையா, இங்கே மருதமுனையில் வெயிலா என்று கொஞ்சம் கதைத்துவிட்டு இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். கதைக்க வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கதைக்கிறோம். போனில் அதைத் தொடங்கினால் நீயும் மழுப்புவாய், நானும் மழுப்புவேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கணக்கு ரீச்சருக்கு எழுத வராது, விடையை மட்டும் எழுதிக் கீழே கோடு போடுவாள் என்று உன் வாப்பா கேலி செய்வார். அவர் சொன்னது சரிதான். ஆனால் இந்த முறை வழியையும் காட்டித்தான் ஆக வேண்டும். வாசித்து முடித்ததும் இதைப் பர்ஹானாவிடம் கொடு. அவளுக்குத் தெரியாத இடத்தில் மட்டும் வைத்துவிடாதே.

நிக்காஹ்வுக்குப் புறப்பட்ட அன்று நீ புது உடுப்போடு என் முன்னால் வந்து நின்று, "உம்மா, பொருந்திக்கங்க" என்று கேட்டாய். வீட்டை விட்டு இறங்கும் பிள்ளை தாயிடம் அப்படிக் கேட்பதும், பெற்றவள் தன் மனதில் கிடக்கும் குறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "பொருந்திட்டன் மகன், போய் வா" என்று சொல்வதும் நம் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற விஷயம். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. உன் தலையில் கையை வைத்தேன், எடுத்தேன், அவ்வளவுதான். சுற்றி நின்ற பெண்கள், பாவம், தாய்க்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. அது உனக்கும் தெரியும். ஒரு மகனைப் பொருத்தம் கொடுக்காமல் வாசல் தாண்டி அனுப்பிய தாயாக நான் இத்தனை நாள் இருக்கிறேன், பொருத்தம் கிடைக்காமல் போன மகனாக நீ அங்கே இருக்கிறாய். இதை இப்படியே வைத்திருக்க முடியாது.

எல்லாம் அந்தக் காரில் தொடங்கியது. மாப்பிள்ளைக் காருக்கு நீ ஒரு புது வெள்ளைக் காரை வாடகைக்குப் பேசி வைத்திருந்தாய். நான் சம்மதிக்கவில்லை. வாப்பா போய் ஒரு வருடம் ஆகிறது, அவர் இருந்திருந்தால் தன் சிவப்புக் காரில்தான் உன்னை அழைத்துப் போயிருப்பார், நீ அதில்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். "அது மங்கிப் போய்க் கிடக்கு உம்மா, ஆக்கள் சிரிப்பாங்க" என்றாய். "சிரிக்கிறவன் சிரிக்கட்டும்" என்றேன். "அந்தக் கார் வேணாம் உம்மா, விட்டிருங்க" என்று நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. உன் வாப்பா கல்முனைக் கடையிலிருந்து வீடு வந்ததும் முதலில் அந்தக் காரைத்தான் தடவிப் பார்ப்பார், பிறகுதான் என்னை ஏனென்று கேட்பார். அப்படிப்பட்ட காருக்கு அவருடைய ஒரே மகனின் நிக்காஹ்வில் இடமில்லையா? மங்கல்தான் குறை என்றால் அந்த மங்கலை நானே எடுத்துக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

எனக்குள் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் பெண் பிள்ளை பெற்றவளுக்கு வீட்டோடு ஒரு மருமகன் வந்து சேருவான். ஆண் பிள்ளை மட்டும் பெற்றவள் அடுத்த வீட்டுக்கு ஆள் வளர்த்துக் கொடுப்பவள். பர்ஹானாவின் வாப்பா இறக்காமத்தில் வீடு கட்டி, சுண்ணாம்பு அடித்து, உனக்காகத் திறந்து வைத்திருந்தார். நீ போன பிறகு இந்த வீட்டில் நானும் மின்விசிறியும்தான். அதைப் பற்றி நான் யாரிடமும் முறையிட்டதில்லை, என் வாப்பா வீட்டுக்கு உன் வாப்பா வந்ததும் இப்படித்தான். ஆனால் நீ போகும்போது இந்த வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று உன்னோடு போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கார் போகட்டும் என்று நினைத்தேன்.

வயது ஐம்பத்தெட்டில் ஒரு பெண் காருக்குப் பொலிஷ் போடக் கிளம்பினால் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார். போனில் வீடியோக்களைப் பார்த்தேன். குறிப்பு எடுக்காத குறைதான். கல்முனை பஸாருக்குப் போய்க் கட்டிங் பொலிஷ் ஒரு டின், மெழுகு ஒரு டின், கைக்கு அடக்கமான நுரைப் பஞ்சுகள், ஓரத்துக்கு ஒட்டும் டேப் எல்லாம் வாங்கி வந்தேன். கடைக்காரர், "மகனுக்கா ரீச்சர்?" என்று கேட்டார். "எனக்கு" என்றேன். அவர் டின்களைப் பையில் போட்டுத் தந்தார். நிக்காஹ்வுக்கு முந்திய வியாழக்கிழமை நீ உடுப்பு எடுக்கப் போனதும் காரைக் கழுவினேன். கடல் காற்று இத்தனை வருடமாக உப்பைக் கொண்டு வந்து அதன்மேல் பூசியிருக்கிறது, கையால் தடவினால் அரிசி மா தூவின மாதிரி நறநறவென்றது. நன்றாகத் துடைத்து, காயவிட்டு, கண்ணாடியின் ரப்பர் ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். வெயிலில் செய்யக் கூடாது, இரும்பு சூடாக இருந்தால் பொலிஷ் காய்ந்து பிடித்துக்கொள்ளும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். கார் முன் கூரைக்குக் கீழேதான் நின்றது. வழக்கம்போல இடது பக்கம் சுவரோடு ஒட்டி நின்றது. கழுவும் முன்பே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதைக் கொஞ்சம் நடுவுக்கு எடுத்து விடச் சொல்லியிருந்தேன்.

முதலில் பின்பக்க டிக்கி மூடியில், யாருக்கும் தெரியாத ஒரு மூலையில், உள்ளங்கை அளவு இடத்தில் போட்டுப் பார்த்தேன். சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, உன் வாப்பாவின் பழைய வெள்ளைச் சாரத்தைக் கிழித்து வைத்திருந்த துணியால் துடைத்தேன். துணி சிவப்பாக வந்தது. பெயின்ட் கழன்று வருகிறது, காரை நாசமாக்கிவிட்டேன் என்று பயந்துவிட்டேன். திரும்பவும் வீடியோவைத் தேடினேன். பழைய கார்களில் பெயின்ட்டுக்கு மேலே வேறு ஒன்றும் இராது, அதனால் வெயிலில் செத்துப்போன மேல்தோல் துணியில் நிறமாக வரும், பயப்பட வேண்டாம் என்று அதில் ஒருவர் சொன்னார். இப்போதைய பெயின்ட்டாக இருந்தால் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு வார்னிஷ் இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் துணி வெள்ளையாகவே இருக்கும் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது செய்தி எனக்குத் தேவையில்லை என்று அப்போது நினைத்தேன்.

பிறகு என்னை நிறுத்த ஆள் இல்லை. டிக்கி, பின் கதவு, முன் கதவு, பொனெட் என்று பகுதி பகுதியாக வந்தேன். உள்ளே இருந்து அந்தப் பழைய சிவப்பு எழும்பி வந்தது, வாங்கி வந்த நாளில் உன் வாப்பா என்னை வாசலுக்குக் கூப்பிட்டுக் காட்டிய அதே சிவப்பு. கை வலித்தது, இடுப்பு கழன்றது, ஆனாலும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் தேய்த்தேன். லுஹர் தொழுதுவிட்டு வந்து முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற இடது பக்க மட்காட்டுக்கு வந்தேன். தேய்த்தேன், துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

புதுத் துணி எடுத்துத் துடைத்தேன். வெள்ளை. இன்னும் கொஞ்சம் பொலிஷ் போட்டு அழுத்தித் தேய்த்தேன். வெள்ளை. எழுந்து இரண்டு அடி பின்னால் போய்ப் பார்த்தேன். கார் முழுக்க இரத்தச் சிவப்பாக மின்னுகிறது, அந்த ஒரு மட்காட் மட்டும் மங்கின ரோஸ் கலந்த சிவப்பாக நிற்கிறது. யாரோ நம் காரின் மங்கல் நிறத்தைப் பார்த்து, அதே மங்கலைக் கலந்து, அந்தத் துண்டை மட்டும் திரும்ப அடித்திருக்கிறான். கார் மங்கலாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. கழுவிப் பளபளப்பாக்கினால்தான் தெரியும். அப்போது எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்கு முன் காரைக் கழுவுகிற உன் வாப்பா, கடைசி நாட்களில் கழுவுவதை விட்டுவிட்டார். சோம்பேறி ஆகிவிட்டீர்கள் என்று நான் கேலி செய்தேன். கார் இடது பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கத் தொடங்கியதும் அப்போதுதான். அதற்குக் கொஞ்சம் முன்னால், வேளாண்மை வெட்டுக் காலத்தில், சில நாட்கள் கார் வீட்டிலேயே இல்லை. "கூட்டாளிட கலியாணத்துக்குக் குடுத்திருக்கன் உம்மா" என்று நீ சொன்னாய்.

இனி வருவதை நீ நிதானமாக வாசிக்க வேண்டும் மகன். என்னோடு படிப்பித்த வசந்தி ரீச்சரை உனக்குத் தெரியும், சொறிக்கல்முனையிலிருந்து வருகிறவ. அதே வேளாண்மை வெட்டுக் காலத்தில், ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்த இடத்தில், அவவுடைய மாமாவை ஒரு வாகனம் அடித்துவிட்டு நிற்காமல் போனது. சைக்கிளில் போன வயதான மனிதர். கால் முறிந்து நாள்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார். "சிவப்பு வாகனம் எண்டு மட்டும் ஆக்கள் செல்லுறாங்க ரீச்சர்" என்று வசந்தி என்னிடம்தான் சொல்லி அழுதா. நான் அவவுடைய கையைப் பிடித்துக்கொண்டு, அடித்தவனுக்கு ஒரு தாய் இருந்தால் அவள் எப்படிச் சோறு தின்கிறாளோ என்று சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

மட்காட்டுக்கு முன்னால் சின்ன வாங்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அஸர் பாங்கு சொல்லிக் கேட்டது, எழும்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். ஒரு மனிதனை ரோட்டில் போட்டுவிட்டு ஓடி வந்தவனை நான் இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாக அனுப்பப் போகிறேனா? பர்ஹானாவின் உம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தா, "மகன் எப்படி ராத்தா?" என்று. "பொய் சொல்லத் தெரியாத பிள்ளை" என்று நான் பதில் சொல்லியிருந்தேன். போனை எடுத்து வசந்திக்கு அடித்தேன். என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவ எடுத்ததும், "ரீச்சர், ஞாயிறு நாங்க வெள்ளன வந்திருவம், மாமாவும் வாறன் எண்டு நிக்கிறார், கோலோட நடக்கிறார் இப்ப" என்றா. "அடிச்ச வாகனம் பிறகு தெரிய வந்ததா?" என்று கேட்டேன். "எங்க ரீச்சர், இன்னும் இல்ல" என்றா. நான் சமையல் அடுப்பில் இருக்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். என் வீட்டு நிக்காஹ் விருந்துக்கு அந்த மனிதர் கோலை ஊன்றிக்கொண்டு வரப் போகிறார், மாப்பிள்ளைக் காரின் அருகால் நடந்து வரப் போகிறார் என்பதைத் தவிர வேறு ஒன்றும் என் தலைக்குள் இல்லை.

நீ வந்தபோது மஃரிப் பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. உடுப்புப் பைகளோடு படலையைத் திறந்தாய், காரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாய். மின்னுகிற காரைப் பார்த்து ஒரு மகன் சந்தோஷப்பட வேண்டும். உன் முகம் வெளிறிப் போனது. எனக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது. வெள்ளைத் துணியை உன் முன்னால் நீட்டினேன்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல உம்மா."

"காரெல்லாம் சிவக்குது, இந்த ஒரு இடம் சிவக்குதில்ல. ஆர அடிச்ச நீ?"

"ஆரையும் அடிக்கல்ல."

"சொறிக்கல்முனை ரோட்டில ஆர அடிச்சுப் போட்டு ஓடி வந்த நீ? என்ட முகத்தப் பார்த்துச் செல்லு."

நீ என் முகத்தைப் பார்த்தாய். பைகளை நிலத்தில் வைத்தாய். "நான் ஓட்டல்ல உம்மா. வாப்பாதான் ஓட்டினார்" என்றாய்.

அதற்குப் பிறகு நீ சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்லத் தேவையில்லை, ஆனால் பர்ஹானா வாசிப்பாள் என்பதால் எழுதுகிறேன். நோன்புக்கு முந்திய மாதம் ஒரு பகல், சவளக்கடைப் பக்கம் வயல் ரோட்டிலிருந்து வாப்பா உனக்குப் போன் எடுத்திருக்கிறார். நீ மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தால் கார் வாய்க்கால் மதகின் கட்டுச் சுவரில் மோதி நிற்கிறது. சுற்றி ஒரு மனிதரும் இல்லை, ஒரு சைக்கிளும் இல்லை. வாப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வேர்த்து நனைந்து உட்கார்ந்திருக்கிறார். எப்படி மோதியது என்று அவருக்கே தெரியவில்லை. கண் இருண்டது, பிறகு மதகுதான் தெரிந்தது என்றிருக்கிறார். நீ ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சியிருக்கிறாய். "ஒண்டுமில்ல மகன், வெயில்தான். உம்மாக்குச் செல்லிராத, அவ பயந்திருவா" என்று சொல்லி, உன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீ காரைச் சம்மாந்துறையில் ஒரு கராஜில் விட்டுச் சரிசெய்து, மங்கலுக்கு மங்கல் கலந்து அடித்துக் கொண்டு வந்து சுவரோடு ஒட்டி நிறுத்தியிருக்கிறாய். பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில், கடையில் நாற்காலியில் இருந்தபடியே அவர் போய்விட்டார்.

ஒரு மூச்சு விடும் நேரம் நான் அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். என் பிள்ளை யாரையும் அடித்துவிட்டு ஓடவில்லை. அடுத்த மூச்சில் எனக்குள் வந்த கோபத்தை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. "அப்ப அவருக்குச் சுகமில்ல எண்டு உனக்குத் தெரியும்" என்றேன். நீ தலையைக் குனிந்தாய். "தெரியும், தெரிஞ்சு வச்சுக் கொண்டுதான் அந்த நோன்பு முழுக்க என்ட கைச் சோறு திண்ட" என்றேன். "வாப்பா சத்தியம் வாங்கிட்டார் உம்மா, நான் என்ன செய்ய?" என்று நீ அழுதாய். உன் அழுகை எனக்குக் கேட்கவில்லை. திரும்பி உட்கார்ந்து அந்த மட்காட்டைத் தேய்க்கத் தொடங்கினேன். ஓரத்தில் அழுத்தித் தேய்க்கக் கூடாது, அங்கே பெயின்ட் மெலிதாக இருக்கும் என்று எல்லா வீடியோவிலும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் ஓரத்திலேயே தேய்த்தேன். நீ "போதும் உம்மா, விடுங்க" என்று கையைப் பிடித்தாய், தட்டிவிட்டேன். வார்னிஷ் போய், சிவப்புப் போய், கீழே சாம்பல் நிறம் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பூ ஒட்ட வந்தவர்கள் அந்த இடத்தில் மட்டும் ஏன் இவ்வளவு பூ என்று கேட்டார்கள், நீ "அப்படித்தான் வேணும்" என்று சொல்லிவிட்டாய்.

வசந்தியின் மாமாவும் விருந்துக்கு வந்தார். பூவெல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லி, அந்த மட்காட்டில்தான் ஒரு கையை ஊன்றி நின்று களைப்பாறினார். அவரை அடித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அடிபட்ட நாளைக் கேட்டுப் பார்த்தேன், அன்று நம் கார் கராஜில் கிடந்தது, அது நாங்கள் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவருக்கு நான் இரண்டாம் தரம் சோறு வைத்ததை நீ மேசைக்கு அங்காலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று உனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை என்று நினைக்கிறேன். நான் முன்னமே அறிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று உன்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. அஜல் வந்தால், எழுதின நேரம் வந்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலும் தடுக்காது. என் வருத்தம் வேறு. அந்த நோன்பில் அவர் தராவீஹ் தொழப் போகாமல் படுத்துக் கிடந்தார். நான் வாசலில் நின்று, ஊரே பள்ளிக்குப் போகுது, நீங்கள் மட்டும் சாய்ந்து கிடக்கிறீர்கள், வெட்கமில்லையா என்று கத்தினேன். அவர் சிரித்தார். ஒரு நாள் நோன்பை இடையில் விட்டார், அன்றைக்கும் ஏசினேன். பெருநாளைக்கு முந்திய நாள் அலுமாரிக்கு மேலிருந்து பெரிய சட்டியை இறக்கித் தரச் சொல்லி நாற்காலியில் ஏற வைத்தேன். மூச்சு வாங்கினார், வயதாகிவிட்டது என்று கேலி செய்தேன். நெஞ்சுக்குள் நோயை வைத்துக்கொண்டிருந்த மனிதனை நான் மாதக்கணக்காக ஏசினேன் மகன். நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பயத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று நினைத்து இதைத்தான் எனக்கு மிச்சம் வைத்தீர்கள். பயந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பயந்திருப்பேன்.

உனக்கு வைக்கும் புத்திமதி அதனால் ஒன்றே ஒன்றுதான். நம் வீட்டு ஆண்கள் பாசத்தில்தான் மறைக்கிறார்கள், எனக்குத் தெரியும். மறைப்பதை ஆண்மை என்று நினைக்கிறார்கள், அவளுக்குச் சொன்னால் தாங்க மாட்டாள் என்கிறார்கள். பர்ஹானாவுக்கு நீ அப்படிச் செய்யாதே. வேலையில் பிரச்சினை என்றால் சொல். தலை சுற்றினால் சொல். அவள் அழுவாள், ஏசுவாள், இரவெல்லாம் தூங்காமல் இருப்பாள், இருக்கட்டும். அது அவளுடைய பங்கு, அதை நீ எடுத்துக்கொள்ள உனக்கு உரிமையில்லை. மகள் பர்ஹானா, இவன் "ஒண்டுமில்ல" என்று சொன்னால் நம்பாதே. கையைப் பிடித்து உட்கார வைத்து இரண்டாம் தரம் கேள். இவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று உன் உம்மாவிடம் சொன்னேன், அது இப்போதும் உண்மைதான். இரண்டாம் தரம் கேட்டால் சொல்லிவிடுவான்.

இனி நான் எழுத வந்த விஷயம். பொலிஷ் போட்ட கை நிக்காஹ் முடிந்தும் வலித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் படுக்கும் முன் தோளிலிருந்து அக்குள் வரை எண்ணெய் தேய்த்தேன். வலி போய்விட்டது. ஆனால் தேய்க்கும்போது மார்பின் ஓரத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. சின்னதுதான், வலி இல்லை. ஒரு மகனுக்கு இதை எழுதுவது எனக்கு எவ்வளவு கூச்சம் என்று உனக்குத் தெரியும். போன கிழமை தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேடி டொக்டர் ஒருவர் பார்த்தா. ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். "வீட்டில ஆரும் இருக்காங்களா, அடுத்த முறை ஆரையும் கூட்டிக் கொண்டு வாங்க" என்று சொன்னா. அப்படி ஏன் சொன்னா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அன்று இரவும் நீ போன் எடுத்தாய். "உம்மா, குரல் ஒரு மாதிரி இரிக்கி, என்ன?" என்று கேட்டாய். "ஒண்டுமில்ல மகன்" என்று சொன்னேன். போனை வைத்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. உன் வாப்பா எப்படி அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார் என்று அப்போது விளங்கியது. அது அவ்வளவு இலேசாக வருகிறது மகன்.

சோதனை முடிவு வருகிற வியாழக்கிழமை. நிக்காஹ் அன்று நீ என் முன்னால் வந்து கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உன்னையும் பொருந்திவிட்டேன், உன் வாப்பாவையும் பொருந்திவிட்டேன். நான் உன்னை என்னவென்று நினைத்தேனோ, அதற்கு நீயும் என்னைப் பொருந்திக்கொள். எனக்குப் பயமாக இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள்.

உம்மா